பொருள் எண் 31

செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
பத்தரைப் படகுக்கு முன் ஹீட்டரைப் போட்டு,
வாசலில் கடற்பறவை ஏதும் செத்துக் கிடந்தால் அப்புறப்படுத்தி,
'திறந்திருக்கிறது' பலகையைத் திருப்பி வைக்க வேண்டும்.
காற்று அதை மறுபடி திருப்பும்.

வார்சே தீவு வரலாற்றுச் சங்கம் என்றதும்
பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
ஆறு பேர். அதில் பார்பரா ஹால்க்ரோ
இன்னும் சந்தா கட்டவில்லை.
ஹெர்ரிங் மீனுக்கு உப்பிட்ட பழைய கொட்டகைதான்
எங்கள் பார்வையாளர் மையம்.
மழை நாளில் சுவருக்கு இன்னும் வாடை திரும்பும்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை.
அடுத்து, திரும்பும் படகு எத்தனை மணிக்கு.
மூன்றாவதாக ஒன்று கேட்பவருக்கு
தேநீருக்குக் காசு வாங்க மாட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காததால்
ஜன்னலோரம் கிடக்கிறது 31.
கை நீளப் பலகை, இரண்டு வரிசையாக ஒடுங்கிய துளைகள்.
தேவாலயக் கூரையைப் பிரித்தபோது கிடைத்தது.
அட்டையில் என் கையெழுத்து:
பொருள் தெரியவில்லை. உங்கள் ஊகம் என்ன?
பக்கத்தில் நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.

பத்தொன்பது வருட ஊகங்கள்.
மெழுகுவர்த்தி அச்சு. கம்பளி சீவுவது.
பன்றிக்குப் பல் தேய்ப்பது
(ஒரு பையன்; படமும் போட்டிருக்கிறான்).
பெர்கன் பேராசிரியர் ஒருவர்
ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு
'இல்லாமலும் இருக்கலாம்' என்று முடித்திருந்தார்.

அக்டோபரில், படகு ரத்தான ஒரு செவ்வாய்,
சால்மன் பண்ணையில் வெல்டிங் செய்யும் ரிமாஸ்
மழைக்கு ஒதுங்கினான். ஊர் லிதுவேனியா.
கழிப்பறை கேட்கவில்லை. நேரே போய் 31-ஐ எடுத்தான்.
தொடாதீர்கள் என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறது,
அவன் மொழியில் இல்லை.
ஓரத் துளையைக் கட்டைவிரலால் துடைத்தான்.
உள்ளே பச்சை பூத்த ஒரு பித்தளை நாக்கு.
வாயை வைத்து ஊதினான்.

முதலில் தூசி.
பிறகு, கொட்டகையே தொண்டையைச் செருமியது போல
ஒரு சுரம்.

"ஆர்மோனியம்," என்றான். "அதன் உள்பலகை."
படகு இல்லையென்றால் சூப் எங்கே கிடைக்கும்
என்றும் கேட்டான்.

பாவம், அவனுக்கு என்ன தெரியும்.
இந்தத் தீவில் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை.
ஜெபத்தில் வாத்தியம் கூடாது என்று பாதி ஊர்,
வேண்டும் என்று மீதி ஊர் நின்ற காலத்தில்
ஒரு ராத்திரி அது காணாமல் போனது.
இங்க்ஸ்டர் வீட்டார் பாறையிலிருந்து தள்ளிவிட்டார்கள்
என்பது ஹால்க்ரோ வீட்டுக் கணக்கு.
இன்றும் ஒரு வீட்டு ஆடு
மற்ற வீட்டு வேலியைத் தாண்டினால் வழக்குதான்.
நான் பிறப்பால் இங்க்ஸ்டர்.
ஆமாம், நாங்கள்தான் தள்ளினோம் என்று
சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள்.

தள்ளவில்லை போலிருக்கிறது.
யாரோ பிரித்து, ஏணி வைத்து ஏறியிருக்கிறார்கள்.
ஒளித்தாரா, ஒழித்தாரா,
எந்த வீட்டு ஏணி,
கூரைக்குத்தான் தெரியும். அதையும் பிரித்துவிட்டோம்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன்.
எல்லோரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள்.
"அட்டையை மாற்றிவிட்டால் நோட்டு என்னாவது?
இன்னும் மூன்று பக்கம் இருக்கிறதே," என்றாள் பார்பரா.
தீர்மானம் நான்கு: விவாதிக்கப்பட்டது. இப்போதைக்கு அப்படியே.
ஏகமனதாக. என் கையும் உயர்ந்திருந்தது.

கோப்பைகளைக் கழுவும்போது
பார்பரா குழாயை மூடாமலே கேட்டாள்:
"சத்தம் எப்படி இருந்தது?"
"கரகரவென்று," என்றேன். "உன் அண்ணன் பாடுகிற மாதிரி."
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
போகும்போது சந்தாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்,
இரண்டு வருடத்துக்கும் சேர்த்து.

நான் நோட்டை எடுத்து
412: ஆர்மோனியம். ரிமாஸ், லிதுவேனியா
என்று எழுதினேன்.
அடுத்த வெள்ளிக்கிழமைப் படகில் வந்த யாரோ
அதன் கீழே எழுதியிருக்கிறார்கள்:
நிச்சயமாக இல்லை.